சாயம் கலந்த பொலிமர்ல லேசர் அடிக்கிறப்ப வர்ற கோளாறுகள்: அறிகுறியைப் பாத்து காரணத்தைப் பிடிக்கிறது எப்படி

பேராதனைலயோ பதுளைலயோ பைனல் இயர் ப்ரொஜெக்டுக்கு ரோடமின், டிஸ்பர்ஸ் ரெட் மாதிரி ஒரு சாயத்தை பிஎம்எம்ஏங்கிற தெளிவான பிளாஸ்டிக்ல கலந்து, பிலிம் ஊத்தி, இசட்-ஸ்கேன் (சாம்பிளை லென்ஸோட ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, சின்னத் துவாரம் வழியா வர்ற வெளிச்சத்தை அளந்து கோடா வரையிறது) எடுத்து, கடைசில இதுல ஒப்டிகல் ஃபைபர் இழுக்கலாமான்னு பாக்கிற தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இது. வெளிச்சத்தோட வலு கூடக் கூட ஒரு பொருளோட முறிவுச் சுட்டியும் (வெளிச்சத்தை வளைக்கிற அளவு) உறிஞ்சலும் மாறுதுன்னா அதைத்தான் நொன்லீனியர்னு சொல்றோம், அந்த மாற்றம் வெறும் பிளாஸ்டிக்ல ரொம்பக் கொஞ்சம், சாயம் போட்டா கூடும், ஃபைபர் ஆக்கினா வெளிச்சம் நீள தூரம் அதுக்குள்ளயே போறதால இன்னும் கூடும், ஐடியா அவ்வளவுதான். ஆனா புத்தகத்துல இருக்கிற செய்முறை எல்லாம் காஞ்ச காத்து, நிலையான கரண்ட், 25 டிகிரி ரூம்னு நெனச்சு எழுதினது. நம்ம பக்கம் மிஸ்ட்டு ஜன்னல் வழியா லேபுக்குள்ள வந்து போகும். அதனால எந்தக் கோளாறு சாம்பிள்ல இருக்கு, எது பீம்ல இருக்கு, எது வெறும் சூடு, எது வெறும் ஈரம்னு பிரிச்சுப் பாக்காம ஒரு நம்பரையும் ரிப்போர்ட்ல போடாதீங்கன்னுதான் நான் கெஞ்சிக் கேக்கிறேன்.

முதல்ல பாதுகாப்பு. 50 மில்லிவாட் பச்சை லேசர் கண்ணுல பட்டா பார்வை போயிடும், அந்த அலைநீளத்துக்குன்னே உள்ள கண்ணாடி போடாம அலைன்மென்ட் பண்ணாதீங்க. இறுக வைக்கப் போடுற பென்சொயில் பெரொக்சைட் காஞ்ச தூளா இருக்கிறப்ப அரைக்கவோ சூடாக்கவோ கூடாது, வெடிக்கும். எம்எம்ஏ (இறுகி பிஎம்எம்ஏ ஆகிற திரவம்), குளோரோஃபோம் ரெண்டையும் ஃபியூம் ஹூட்டுக்குள்ள வச்சுத்தான் திறக்கணும், வெளிய குளிருதுன்னு ஜன்னலையும் கதவையும் சாத்திட்டு மேசைல வச்சு ஊத்துற பழக்கம் வேணாம்.

பிலிம் காயக் காய வெள்ளையா பூத்துப் போகுது

மலையகத்துல அடிக்கடி வர்ற கோளாறு இதுதான். பெட்ரி டிஷ்ல ஊத்தினப்ப கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், கொஞ்ச நேரத்துல ஓரத்துல இருந்து ஒரு பால் நிறம் உள்ள நோக்கி நகர்ந்து வரும், கடைசில முழுசும் மங்கிடும். நெறைய பேர் சாயம் கரையலன்னு நெனச்சு சாயத்தைக் குறைச்சுக்கிட்டே போவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க: சாயமே போடாத வெறும் பிஎம்எம்ஏ கரைசலை அதே நாள், அதே மேசைல பக்கத்துல ஊத்தி வைங்க. அதுவும் வெளுத்துச்சுன்னா குத்தம் சாயத்துல இல்ல, காத்துல இருக்கு. பிஎம்எம்ஏவைக் கரைக்கப் பாவிக்கிற டைக்குளோரோமீதேன் 40 டிகிரிலயே கொதிக்கிற சாமான், குளோரோஃபோம் 61, அந்தக் கரைப்பான் வேகமா ஆவியாகிறப்ப பிலிமோட மேல்பக்கம் ஜில்லுன்னு ஆகும், ஈரக் காத்துல இருக்கிற தண்ணி அதுமேல நுண்ணிய துளியா படிஞ்சு, துளி போன இடம் குழியா நிக்கும். நல்ல கை லென்ஸ் இல்லன்னா மைக்ரோஸ்கோப் வச்சுப் பாத்தா சின்னச் சின்ன ஓட்டை வரிசையா தெரியும். சாயம் பிரிஞ்சிருந்தா நெறமுள்ள துகள் தெரியும். ரெண்டும் கண்ணுக்கே வித்தியாசம்.

சரி பண்றது எப்படின்னா, மெதுவா ஆவியாகிற கரைப்பானுக்கு மாறுங்க, டொலுயீன், குளோரோபென்சீன் எல்லாம் நல்லா வரும். டிஷ்ஷை ஹொட்பிளேட்ல 40 டிகிரிக்கிட்ட வச்சு, மேல ஒரு புனலைக் கவுத்து மூடிடுங்க, அதுலயே பாதி பிரச்சினை போயிடும். முடிஞ்சா டெசிகேட்டருக்குள்ள, அதான் சிலிக்கா ஜெல் போட்டு மூடின ஈரம் உறிஞ்சுற பாத்திரத்துக்குள்ள, வைங்க. சிலிக்கா ஜெல் நீலத்துல இருந்து ரோஸ் கலருக்கு வந்துட்டா அது வேலைக்கு ஆகாது, ஓவன்ல 120 டிகிரில காய வச்சு திருப்பி போடணும், மழைக் காலத்துல இதை அடிக்கடி பாக்கணும். வட்டவளை, ஹட்டன் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் அடிக்கிற தென்மேல் பருவ மழைல வெளில வச்சு பிலிம் ஊத்துறதை மறந்துடுங்க, அதே மாசங்கள்ல பண்டாரவளை, பதுளை பக்கம் காத்து ஓரளவு காஞ்சிருக்கும், அங்க டிசம்பர் ஜனவரிலதான் கஷ்டம். காஞ்ச பிலிமும் சும்மா இருக்காது, பிஎம்எம்ஏ தன் எடைல 2 வீதம் வரைக்கும் தண்ணி இழுத்து வச்சுக்கும். அளக்கிறதுக்கு முந்தி வெக்யூம் ஓவன்ல 60 டிகிரில ஒரு ராத்திரி வச்சு எடுங்க.

குச்சி வார்க்கிறப்ப குமிழி வருது, இல்லன்னா இறுகவே மாட்டேங்குது

ஃபைபர் இழுக்க முதல்ல தடிச்ச குச்சி, அதான் ப்ரீஃபோர்ம், வேணும். குமிழி எங்க இருக்குன்னு பாருங்க. நடுவுல உருண்டையா இருந்தா எம்எம்ஏ கொதிச்சிருக்கு. பாதி இறுகி கூழா வர்ற கட்டத்துல ரியாக்ஷன் தானாவே வேகம் எடுக்கும், உள்ள வர்ற சூடு வெளிய போக வழியில்லாம நடுப்பகுதி கொதிநிலையைத் தாண்டிடும். எம்எம்ஏ கடல் மட்டத்துல 101 டிகிரில கொதிக்கும், ஆனா நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க தண்ணியே 94 டிகிரிக்கிட்ட கொதிச்சுடும், எம்எம்ஏயும் அதே மாதிரி கீழ இறங்கும். கொழும்புல எழுதின ரெசிபியை அப்படியே அங்க செஞ்சா குமிழி வர்றதுல ஆச்சரியம் இல்ல. 45, 50 டிகிரில நீள நேரம் வைங்க, மெல்லிசான டியூப் பாவிங்க, கடைசில மட்டும் மெதுவா சூட்டை ஏத்துங்க. குமிழி சுவர் ஓரமா நீட்டு நீட்டா இருந்தா அது கொதிச்சதில்ல, சுருங்கினது, எம்எம்ஏ இறுகிறப்ப 20 வீதத்துக்கு மேல கன அளவு குறையும், மேல இருந்து கரைசல் இறங்க இடம் விட்டு கீழ இருந்து மேல இறுக வைக்கணும். இறுக வைக்க ஏஐபிஎன் போட்டா அது உடையுறப்ப நைட்ரஜன் வாயு விடும், அதையும் ஞாபகம் வைங்க, அளவு குறைவா போடுங்க.

இறுகவே இல்லன்னா மூணு காரணம். எம்எம்ஏ போத்தல்ல வர்ற இன்ஹிபிட்டரை (தானா இறுகாம தடுக்கிற மருந்து) அலுமினா நிரப்பின குழாய் வழியா விட்டு எடுக்கல, இல்ல ஒட்சிசன் உள்ள இருக்கு, நைட்ரஜன் ஊதல, இல்லன்னா சாயமே தடுக்குது. நைட்ரோ தொகுதி உள்ள அசோ சாயம், டிஸ்பர்ஸ் ரெட் 1 அப்படிப்பட்டதுதான், ரியாக்ஷனை மந்தமாக்கும். அதுக்கு சாயத்தைக் குறைக்கணும், இல்லன்னா வெறும் பிஎம்எம்ஏ தூளோட சாயத்தைக் கரைச்சு, காய வச்சு, சூடாக்கி அமுக்கி குச்சி செய்யணும். கரண்ட் கட்டாகிற நாள்ல வோட்டர் பாத்தை ஒரு ரிஜிபோம் பெட்டிக்குள்ள இறக்கி வச்சுக்குங்க, சூடு சீக்கிரம் இறங்காது.

போட்ட நெறம் காணாமப் போச்சு

குச்சி இறுகி முடிஞ்சப்ப செவப்பு வெளிறி மஞ்சளாவோ தண்ணி மாதிரியோ ஆயிடுச்சுன்னா, உடனே சாயம் செத்துப்போச்சுன்னு முடிவு கட்ட வேணாம். ரோடமின் பிக்கு ஒரு குணம் இருக்கு, முனைவில்லாத சூழல்ல அது நெறமே இல்லாத லாக்டோன் வடிவத்துக்குப் போயிடும். குச்சில ஒரு சின்னத் துண்டை வெட்டி குளோரோஃபோம்ல கரைச்சு, கொஞ்சம் எதனோலும் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலமும் விட்டுப் பாருங்க. நெறம் திரும்பி வந்தா சாயம் உயிரோடதான் இருக்கு. வரலன்னா உண்மையாவே சிதைஞ்சிருக்கு. ரோடமின் 6ஜி எஸ்டர்ங்கிறதால இந்த விளையாட்டு அதுல கிடையாது, அது வெளிறினா சிதைவுதான். சிதைவுக்கு வழக்கமான காரணம் பென்சொயில் பெரொக்சைட், அமீன் தொகுதி உள்ள சாயத்தோட அது நேரடியா ரியாக்ட் பண்ணும், அதனால சாயம் போட்ட வேலைக்கு ஏஐபிஎன் தான் என் தெரிவு.

நெறம் இருக்கு, ஆனா சாயல் மாறியிருக்குன்னா உறிஞ்சல் ஸ்பெக்ட்ரம் எடுங்க. பிரதான உச்சிக்கு நீலப் பக்கம் ஒரு தோள் எழும்பியிருந்தா சாய மூலக்கூறுகள் ரெண்டு மூணா ஒட்டிக்கிட்டு இருக்கு. செறிவைப் பாதியாக்கி திரும்ப எடுங்க, தோள் குறைஞ்சா அதேதான்.

கோடு நடுங்குது, அடிமட்டம் ஏறி இறங்குது

இசட்-ஸ்கேன்ல சாம்பிளே வைக்காம ஒரு ஓட்டம் ஓட்டுங்க. அப்பவும் நடுங்கினா சாம்பிளைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. பச்சை லேசர்ல உள்ள ஒரு படிகத்துக்கு வெளிச்சம் குடுக்கிற 808 நானோமீட்டர் டயோட், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும், காலைல ரூம் 10 டிகிரில இருந்தா அது படிகம் உறிஞ்சுற அலைநீளத்தை விட்டு விலகி நின்னு பச்சை மங்கலா வரும், ரூம் சூடாக சூடாக கூடிக்கிட்டே போகும். அதுதான் நுவரெலியால காலைல எடுத்த கோடு சரிஞ்சு நிக்கிறது. ஒரு மணித்தியாலம் எரிய விடுங்க, பீம்ல ஒரு துண்டைப் பிரிச்சு ரெண்டாவது போட்டோ டயோட்ல விட்டு அதால வகுத்து எடுங்க, இந்த வகுத்தல் இல்லாம எடுத்த டேட்டாவை நான் நம்ப மாட்டேன். பக்கத்துல தேயிலை பெக்டரி இருந்து கொழுந்து வாட்டுற ஃபேன் போடுறப்ப வோல்டேஜ் இறங்கினாலும் இதே வகுத்தல் காப்பாத்தும். சித்திரை, ஐப்பசி மாசத்துப் பின்னேர இடி மின்னல்ல மட்டும் எல்லாத்தையும் கழட்டிடுங்க.

இன்னொண்ணு, மலிவான பச்சை லேசர்ல 808, 1064 நானோமீட்டர் ரெண்டும் கசியும், சிலிக்கன் டயோட் அதையும் எண்ணும். பச்சையை மறைச்சும் சிக்னல் பூச்சியத்துக்கு வரலன்னா இன்ஃப்ராரெட் ஃபில்டர் போடுங்க. லென்ஸ்ல பனி படிஞ்சிருக்கா, பூஞ்சணம் நூல் நூலா ஓடியிருக்கான்னும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. சாம்பிள் வச்சப்ப மட்டும் நெளிவு வந்து, பவரைப் பத்துல ஒண்ணாக்கினாலும் அதே நெளிவு அதே இடத்துல இருந்தா அது பிலிமோட மேடு பள்ளம், குறைஞ்ச பவர்ல எடுத்த கோட்டைக் கழிச்சு விடுங்க.

ஒண்ணுமே தெரியல, கோடு தட்டையா இருக்கு

அனேகமா ஸ்டெப் பெருசு. கணக்கைப் பாருங்க: 532 நானோமீட்டர், பீம் ஆரை 1 மில்லிமீட்டர், லென்ஸ் 10 சென்டிமீட்டர்னா ஃபோகஸ்ல ஆரை 17 மைக்ரோமீட்டர், ரேலே நீளம் (ஃபோகஸ்ல இருந்து பீம் விரியத் தொடங்கிற தூரம்) 1.7 மில்லிமீட்டர், உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கிறதே சுமார் 3 மில்லிமீட்டர்தான். 2 மில்லிமீட்டர் தாவித் தாவி எடுத்தா எல்லாமே தாண்டிப் போயிடும். 0.2க்கு இறங்குங்க. சாம்பிள் தடிப்பும் ரேலே நீளத்தை விடக் குறைவா இருக்கணும், 1 சென்டிமீட்டர் குவெட் (கரைசல் ஊத்துற கண்ணாடிப் பெட்டி) இதுக்கு ஆகாது, 1 மில்லிமீட்டர் எடுங்க.

கோடு ரொம்ப அழகா வருது

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா இதைக் கோளாறுன்னே யாரும் நெனைக்கிறதில்ல. சாதாரண தொடர் லேசர், 50 மில்லிவாட், ரோடமின் பிலிம், முதல்ல உச்சி பிறகு பள்ளம், பாடப் புத்தகத்துப் படம் மாதிரி. உச்சி முதல்ல வந்தா முறிவுச் சுட்டி மாற்றம் மறை எண், எல்லாரும் சந்தோஷமா சூத்திரத்துல போட்டு ஒரு பெரிய நம்பரை எடுத்து எழுதிடுவாங்க.

அந்த நம்பரை ஒரு தடவை நிதானமா பாருங்க. 50 மில்லிவாட்டை 17 மைக்ரோமீட்டர் ஆரைல குவிச்சா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 11,000 வாட். அதுல 1 மில்லிமீட்டர் சாம்பிள்ல உச்சிக்கும் பள்ளத்துக்கும் 10 வீத வித்தியாசம் வரணும்னா சிலிக்கா கண்ணாடியை விட பல லட்சம் மடங்கு நொன்லீனியர் வேணும். அவ்வளவும் இலத்திரன் சுறுசுறுப்பால வந்திருக்க வழியில்ல. வந்தது சூடு. சாயம் பச்சையை உறிஞ்சுது, சூடாகுது, பிஎம்எம்ஏ முறிவுச் சுட்டி ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்துல ஒரு பங்கு அளவு குறையுது, நடுவுல கூட சூடு ஓரத்துல குறைய சூடுன்னு இருக்கிறதால அந்த இடம் ஒரு குழி லென்ஸா நின்னு பீமை விரிக்குது, வெயில் நேரம் தார் ரோட்டுக்கு மேல காத்து நெளியுதே, அதே சங்கதிதான். ஒரே ஒரு டிகிரி ஏறினா வர்ற இந்த மாற்றத்தை சிலிக்கால வெளிச்ச வலுவால மட்டும் உண்டாக்கணும்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40,000 கோடி வாட் வேணும்.

இந்த இசட்-ஸ்கேன் முறையைக் கொண்டு வந்த ஷேக்-பஹாய், வான் ஸ்ட்ரைலண்ட் கூட்டமே 1990ல எழுதினப்ப இதைக் காட்டியிருக்காங்க. கார்பன் டைசல்ஃபைட்ல 27 பிக்கோசெக்கன் பச்சைத் துடிப்பு அடிச்சா நேர் எண், அதே திரவத்துல 10.6 மைக்ரோமீட்டர்ல 300 நானோசெக்கன் துடிப்பு அடிச்சா சூட்டால மறை எண். திரவம் ஒண்ணு, விடை ரெண்டு.

பவரைக் கூட்டினா சிக்னலும் நேரா கூடுது, அதனால இது உண்மைன்னு வாதம் பண்ணாதீங்க, சூடும் பவரோட நேராத்தான் கூடும். பிரிக்கிறதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. ஒண்ணு, சொப்பர், அதான் சுத்திச் சுத்தி பீமை வெட்டி வெட்டி விடுற தட்டு. பீம் குறுகின இடத்துல சொப்பரை வச்சு, துவாரத்துக்குப் பின்னால போட்டோ டயோடை ஒசிலோஸ்கோப்ல பாருங்க. வெளிச்சம் திறந்த உடனே சிக்னல் ஒரு மட்டத்துக்குப் பாய்ஞ்சு, பிறகு ஒரு மில்லிசெக்கன் அளவுல மெதுவா இன்னொரு மட்டத்துக்கு சாய்ஞ்சு போச்சுன்னா அந்த சாய்வுதான் சூடு, 20 மைக்ரோமீட்டர் ஆரைக்கு பிஎம்எம்ஏல சூடு பரவ எடுக்கிற நேரம் அவ்வளவுதான். இலத்திரன் பதில் அந்த ஸ்கிரீன்ல பிரிச்சுப் பாக்கவே முடியாத வேகம். இந்த ஒரு படத்தை ரிப்போர்ட்ல போட்டா வைவால கேக்கிற சேர்மாருக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

ரெண்டாவது டெஸ்ட்டுக்கு மெஷின் ஒண்ணும் வேணாம். சாயத்தைக் குறைஞ்ச செறிவுல எதனோல்லயும் தண்ணிலயும் கரைச்சு, உறிஞ்சல் சமமா வர்ற மாதிரி வச்சு ரெண்டையும் ஸ்கேன் பண்ணுங்க. தண்ணி சூட்டை நல்லா கடத்தும், அதோட முறிவுச் சுட்டியும் சூட்டுக்கு அவ்வளவா அசையாது, அதனால தண்ணில சிக்னல் பத்து மடங்குக்கு மேல விழுந்தா சாயத்தோட நொன்லீனியரை அளக்கல, கரைப்பானோட சூட்டை அளந்திருக்கீங்க.

சூடுன்னு தெரிஞ்சதுக்காக வேலை வீண்னு இல்ல. ஒளியைக் கட்டுப்படுத்துற ஃபில்டர், மெதுவான சுவிட்ச் மாதிரி விசயத்துக்கு அதுவும் பயன்தான். 'தொடர் லேசர்ல, சூட்டால வந்த மதிப்பு'ன்னு தலைப்புலயே எழுதுங்க, பிக்கோசெக்கன் லேசர்ல எடுத்த நம்பரோட பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க.

டிஸ்பர்ஸ் ரெட் 1 பாவிக்கிறவங்களுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு. அசோ மூலக்கூறு வெளிச்சம் பட்டா மடங்கி நிமிர்ந்து, கடைசில பீமோட முனைவாக்கத்துக்குக் குறுக்கா திரும்பி நிக்கும். குறுக்கா வச்ச ரெண்டு போலரைசருக்கு நடுவுல சாம்பிளை வச்சு பச்சையை நிப்பாட்டின பிறகும், சோதிக்க கூடவே விட்ட வலு குறைஞ்ச செவப்பு பீம் கசிஞ்சு வந்துக்கிட்டே இருந்தா அந்தத் திரும்பல்தான் காரணம், சூடு அவ்வளவு நேரம் நிக்காது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிக்னல் குறையுது

சாயம் எரியுது. பிலிமை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா பீம் பட்ட இடத்துல ஊசிமுனை அளவு வெளிறின புள்ளி தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது இடத்துக்கு நகர்த்துங்க, பவரைக் குறைங்க, ஓட்டத்தை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து ரெண்டும் பொருந்துதான்னு பாருங்க. இருட்டுல வச்சு அடுத்த நாள் அதே புள்ளியை அளந்து பாக்கிறதும் நல்லது, டிஸ்பர்ஸ் ஒரேஞ்ச் 11 பிஎம்எம்ஏல இருக்கிறப்ப சிதைஞ்ச பிறகு தானாவே மீளும்னு 2002ல ஹொவெல், குசிக் ரெண்டு பேரும் காட்டினாங்க. எல்லா சாயமும் அப்படி இல்ல.

துவாரம் திறந்து எடுத்த கோடு தலைகீழா இருக்கு

ஃபோகஸ்ல மேடு வந்தா உறிஞ்சல் தீர்ந்து போகுது, பள்ளம் வந்தா கிளர்ந்த நிலை இன்னும் கூட உறிஞ்சுது, ரெண்டும் நியாயமான விடை. ஆனா ரோடமின்னா அதோட சொந்த ஒளிர்வும் டிடெக்டர்ல விழும், 532 மட்டும் விடுற ஃபில்டர் போட்ட பிறகும் அதே வடிவம் வந்தாத்தான் நம்பணும்.

பிலிம்ல எல்லாம் சரி, ஃபைபர் ஆக்கினா மறுபக்கம் இருட்டு

1991லயே மார்க் குசிக் கூட்டாளிகளோட சாயம் கலந்த பொலிமர் ஃபைபரை நொன்லீனியர் வேலைக்குன்னு செஞ்சு எழுதியிருக்கார், அதனால முடியாத காரியம் இல்ல. தடுக்கிறது பெரும்பாலும் ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிமீட்டர் சாம்பிள்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் உறிஞ்சல் 0.01ன்னு காட்டினா அதைப் பூச்சியம்னு விட்டுடுறோம். அது மில்லிமீட்டருக்கு 0.1 டெசிபெல், மீட்டருக்கு 100 டெசிபெல். வெறும் பிஎம்எம்ஏ ஃபைபர் 650 நானோமீட்டர்ல மீட்டருக்கு 0.2 டெசிபெல்லைத் தாண்டாது. சாயத்தோட உறிஞ்சல் வால், கண்ணுக்கே தெரியாத அளவு, ஃபைபரைக் கொன்னுடுது. பிலிம்ல பெரிய நம்பர் குடுத்த அதே அலைநீளம் ஃபைபருக்கு ஆகாதுன்னு அர்த்தம், உறிஞ்சலை விட்டு நல்லா தள்ளி சிவப்புப் பக்கம் வேலை பண்ணணும், சாயத்தைக் குறைக்கணும், வாலை அளக்க தடிச்ச சாம்பிள் பாவிக்கணும், குச்சியையே 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ரெண்டு முனையும் பொலிஷ் பண்ணி ஸ்பெக்ட்ரோமீட்டர்ல வைக்கலாம்.

உறிஞ்சலும் காரணம் இல்லன்னா ஃபைபரை இருட்டுல வச்சு செவப்பு லேசரை விட்டு பக்கவாட்டுல இருந்து பாருங்க. நீளத்துக்கும் ஒரே சீரா மங்கிக்கிட்டே போனா பொருள்ல சிதறல், தூசி இல்லன்னா ஈரம், எம்எம்ஏயை வடிச்சு வார்க்கிறதுல இருந்து திரும்பத் தொடங்கணும். அங்கங்க பொட்டுப் பொட்டா மின்னினா குமிழி, அந்த இடத்தை வெட்டி விட்டுட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம். தொடக்க முனையே பளீர்னு எரிஞ்சு மிச்சம் இருட்டுன்னா வெட்டு சரியில்ல, பிளேடை 70 டிகிரிக்கிட்ட சூடாக்கி ஒரே அமுக்குல வெட்டி, நைஸ் தாள்ல ஈரமா தேய்ச்சு, திரும்ப வெளிச்சத்தை உள்ள விட்டுப் பாருங்க.